ஒட்டு என்ற சொல்லை நம்பியவர்

டீ கிளாஸைக் கையில் வாங்கியதும் அவர் டீயைப் பார்க்க மாட்டார், டீ போட்டவன் முகத்தைப் பார்ப்பார். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் பார்ப்பார்.

"இன்னாடா, பாலு கம்மி பண்ணிட்டியா?"

"இல்லிங்களே."

"அப்போ இன்னாத்துக்கு சிரிக்கிற?"

பிள்ளைகளே, நீங்கள் பிறப்பதற்கு முன்னால் எங்கள் ஊரில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சேலம் போகிற பேருந்தில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் கிணற்றோடு ஒரு நிலம் வாங்கிக் குடிவந்தார். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கண்டக்டர்தான். நான் அப்போது வாடகை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய நிலத்தை உழுதது நான்தான். உழுது முடித்ததும் கையில் ஒரு குச்சியோடு வருவார். கலப்பைக் கொழு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அங்கங்கே குத்திப் பார்ப்பார். "ஓரத்துல நல்லா ஓட்டிட்டு நடுவுல தூக்கிட்ட தம்பி" என்பார். எங்கள் மாதா கோயிலில் மணி அடித்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மணி அடித்தவர்மேல்தான் சந்தேகம் வரும், கடிகாரத்தின்மேல் வராது.

சந்தேகப்படுவது கெட்ட குணம் என்று அவர் நினைக்கவே இல்லை. உத்தியோகம் கொடுத்த நல்ல பழக்கம் என்றுதான் நினைத்தார். ஒரு கதை சொல்வார். பேருந்தில் ஒரு அம்மா, "பாப்பாவுக்கு நாலு வயசுதாங்க, டிக்கெட்டு வேணாம்" என்றாளாம். இவர் குனிந்து, "கண்ணு, ஏழாம் வாய்ப்பாடு தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டாராம். பாப்பா சந்தோஷமாக எழுந்து நின்று கடைசி வரைக்கும் ஒப்பித்துவிட்டது. இவர் ஓர் அரை டிக்கெட்டைக் கிழித்து அந்த அம்மா கையில் கொடுத்தாராம். இதைச் சொல்லும்போது மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அந்தப் பாப்பாவின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

உலகத்தில் அவர் நம்பியது ஒன்றே ஒன்றை. அது ஒரு மாமரம். கிணற்றடியில் ஓர் ஒட்டு மாங்கன்று வைத்தார். நல்ல மரத்தின் கிளையைச் சீவி இன்னொரு கன்றின்மேல் பொருத்திக் கட்டுவார்களே, அந்த ஒட்டு. கன்று விற்றவன் சொன்னதை நம்பாமல், "காய்க்கட்டும் பார்க்கலாம்" என்றுதான் நட்டார். காய்த்தது. தாய்மரத்தில் அவர் தின்ற அதே ருசி, அதே வளைந்த மூக்கு. மறு வருஷமும் அதேதான். அதற்கடுத்த வருஷமும் அதேதான். "பாத்தியா தம்பி, ஒட்டுன்னா ஒட்டுதான். ஒட்டிக்கினது பிரியாது" என்று மரத்தைத் தட்டிச் சொல்வார். ஒரு மனிதனை அவர் அப்படித் தட்டிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சொல்தான் அவரைக் கவிழ்த்தது.

எங்கள் பக்கம் மக்காச்சோளம் நிறையப் போடுவார்கள். கண்டக்டரும் ஒரு வருஷம் போட்டார். விதைப் பையில் 'வீரிய ஒட்டு ரகம்' என்று எழுதியிருந்தது. பயிர் வந்தது பாருங்கள், ஏதோ அச்சில் வார்த்த மாதிரி! எல்லாம் ஒரே உயரம், எல்லாம் ஒரே நாளில் பூ, கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அடுத்த வருஷத்துக்கும் புதிதாக விதை வாங்க வேண்டும் என்று விதைக்கடைக்காரர் சொன்னார்.

"ஏன், இதுலயே எடுத்து வெச்சா மொளைக்காதா?"

"மொளைக்கும். ஆனா இந்த மாதிரி வராதுங்க."

"அப்பிடித்தான் சொல்லுவ. ஒனக்கு யாவாரம் நடக்கணுமே."

நல்ல கதிர்களாகப் பொறுக்கி உதிர்த்து, ஒரு மூட்டை விதையை மோட்டார் கொட்டகையில் வைத்தார். அந்தக் கொட்டகையில்தான் நிலத்துக்குக் காவலாக ஒரு குடும்பம் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து வந்தவர்கள். செல்லாயி, அவள் புருஷன் அண்ணாமலை, ஒரு பெண்பிள்ளை. பிள்ளையைக் கீழே நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கவைக்க வேண்டும் என்றே மலையிலிருந்து இறங்கிவந்த குடும்பம். அண்ணாமலை அதிகம் பேச மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து செல்லாயி பேசிவிடுவாள்.

கண்டக்டர் என்ன செய்தார் தெரியுமா? மூட்டையைக் கொட்டகையில் வைத்தாரே தவிர, எல்லாவற்றையும் அங்கே வைக்கவில்லை. அதே பயிரின் கதிர்களில் கொஞ்சத்தை உதிர்க்காமல் அப்படியே தன் வீட்டுக்கு எடுத்துப்போய் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். சாவி அரைஞாண் கயிற்றில். எதற்கு என்று நான் கேட்டதற்கு, "இருக்கட்டும். யார நம்பறது?" என்றார்.

ஆடி மாதம் செல்லாயி குடும்பம் சாமி கும்பிட மலைக்குப் போய்வந்தது. வரும்போது தலையில் ஒரு துணிமூட்டை. சாமை அரிசி. புரட்டாசியில் கொட்டகை மூட்டையைப் பிரித்து விதைத்தார்கள். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. கார்த்திகையில் போய்ப் பார்த்தால் நிலம் முழுக்கக் கலவரம். ஒன்று என் தலைக்கு மேலே நிற்கிறது, பக்கத்திலேயே ஒன்று இடுப்பளவு. ஒன்று பூத்து முடித்துவிட்டது, ஒன்றுக்குப் பூவே வரவில்லை. கதிர் நுனியில் தொங்குகிற பட்டுக் குஞ்சம் ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெளிறிய பச்சை.

மலைக்காரர்கள் வீட்டோரமாகப் போடுகிற பழைய ரக மக்காச்சோளம் குட்டையாகத்தான் இருக்கும். அதைக் கண்டக்டர் பார்த்திருக்கிறார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"செல்லாயி, இங்க வா. இன்னா இது?"

"அதான் நானும் பாத்துக்கினு இருக்கேங்க. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல."

"எப்பிடி இருக்கும்? மூட்டைல பாதி என் வெதை, பாதி ஒங்க மலை வெதை. ஆடியில ஒரு மூட்டை தூக்கியாந்தியே, அதுல இன்னா இருந்துச்சி?"

"சாமைங்க. ஒங்க வூட்டுக்கே ரெண்டு படி குடுத்தேனே, மறந்துட்டீங்களா?"

"சாமைக்கு அடியில இன்னா இருந்துச்சின்னு கேக்கறேன்."

செல்லாயி அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் டிராக்டரிலிருந்து இறங்கி நின்றிருந்தேன்.

"நல்ல வெதைய எடுத்துட்டு மட்ட வெதைய போட்டேன்னு சொல்றீங்களா? நாங்க காவலுக்கு இருக்கறவங்க. இந்தப் பேரு வந்துச்சின்னா எங்கள எவன் நெலத்துல சேப்பான்?"

"நான் சொல்லல. பயிரு சொல்லுது. ஒட்டு தானா பிரியாது. யாரோ பிரிச்சாதான் பிரியும்."

அண்ணாமலை கொட்டகைக்குள் போய்ப் பாத்திரங்களை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையின் இடம் காலி.

பேச்சு டீக்கடைக்கு வந்தது. டீக்கடைக்கு வந்த பேச்சு சும்மா இருக்குமா? அடுத்த நிலத்துக்காரர் அந்தோணி, "என் மம்மட்டி ஒண்ணு ஐப்பசியில காணாம போச்சி. இப்பதானே புரியிது" என்றார். இன்னொருவர் தன் சேவலைச் சொன்னார். அதுவரைக்கும் அந்தச் சேவலைக் கீரி பிடித்தது என்றுதான் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். செல்லாயி வேறு இரண்டு ஊர்களில் காவலுக்கு இடம் கேட்டாளாம். அங்கேயும் பேச்சு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. குடும்பம் மலைக்கே திரும்பிவிட்டது.

வேறு யாராவது இருந்திருந்தால் இதோடு விட்டிருப்பார்கள். கண்டக்டர் விடவில்லை. அவருக்குத் திருட்டு நடந்தது தெரிந்தால் போதாது, சாட்சி வேண்டும். தை பிறந்ததும் என்னைக் கூப்பிட்டு நிலத்தில் ஒரு துண்டை உழச்சொன்னார். இரும்புப் பெட்டியைத் திறந்து கதிர்களில் பாதியை எடுத்தார். மீதிப் பாதியை மறுபடி பூட்டினார். தன் கையாலேயே உதிர்த்தார், தன் கையாலேயே ஊன்றினார், யாரையும் வரப்பில்கூட ஏறவிடவில்லை. "இது ஒரே அச்சா வரும். ரெண்டையும் ஊருக்குக் காட்டறேன். அப்போ பேசட்டும் அந்தப் பொம்பள" என்றார்.

வந்தது. நெட்டையும் குட்டையுமாக, சிவப்புக் குஞ்சமும் பச்சைக் குஞ்சமுமாக வந்தது.

நான் போனபோது அவர் பயிருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒரு குட்டைச் செடியின் தட்டையைப் பிடித்தபடி, "பூட்டு ஒடைக்கல தம்பி. சாவி என் இடுப்புல" என்றார். வீட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். தன் மனைவியிடம் கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

"நீ பெட்டிய தொறந்தியா?"

"ஆமா, தெனமும் தொறந்து கதிர்லேர்ந்து ஒரு ஒரு மணியா புடுங்கிட்டு வேற மணிய ஒட்டவெச்சிக்கினு இருந்தேன். எனக்கு வேற வேல இல்ல பாரு!"

அந்த அம்மா கோபத்தில் சொன்ன பேச்சுதான். ஆனால் கண்டக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூட்டையில் இருக்கிற விதையைக் கலக்கலாம். கதிரில் பதிந்திருக்கிற மணியை எப்படி மாற்றுவது? இத்தனைக்கும் ஒரு கதிரின் மணிகளை ஒரே வரிசையாகத்தான் ஊன்றியிருந்தார். அந்த ஒரே வரிசைக்குள்ளேயே நெட்டையும் குட்டையும் இருந்தன.

கள்ளக்குறிச்சியில் வேளாண்மை அலுவலராக இருந்த ஒரு அம்மாவிடம் போனோம். இளவயது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, மாங்கன்னுல சொல்ற ஒட்டு வேற, சோளத்துல சொல்ற ஒட்டு வேற. ஒரே வார்த்தைய ரெண்டுக்கும் போட்டுட்டோம்" என்றார். செடி விதை கட்டும்போது என்ன நடக்கிறது என்று தாளில் கோடு போட்டுக் காட்டினார்.

"இத யாரு கண்ணால பாத்தது?" என்றார் கண்டக்டர்.

"மைக்ராஸ்கோப்புல பாக்கலாம்."

"நான் பாக்கலியே. எப்பிடி நம்பறது?"

"நம்ப வேணாங்க. நீங்கதான் பூட்டிவெச்சி வெதைச்சே பாத்துட்டீங்களே. நான் சொன்னா சந்தேகப்படலாம். அதையுமா சந்தேகப்படுவீங்க?"

கண்டக்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிள்ளைகளே, அன்றைக்கு அந்தக் கோடுகள் எனக்குப் பாதிதான் புரிந்தன. நான் பத்தாவதோடு நின்றவன். பின்னால் உங்கள் அக்காவின் பாடப் புத்தகத்தில் 'குன்றல் பகுப்பு' என்று ஒரு பாடத்தைப் படித்தபோதுதான் மீதி புரிந்தது. எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

ஒவ்வொரு உயிரின் செல்லுக்குள்ளும் குரோமோசோம் என்று நூல் மாதிரி சில இருக்கின்றன. செடி எவ்வளவு உயரம், பூ எப்போது, குஞ்சம் என்ன நிறம் என்கிற குறிப்பெல்லாம் அதில்தான். அவை ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியில் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. மக்காச்சோளத்துக்குப் பத்து ஜோடி. கண்டக்டரின் தோல்பையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து விலைகளில் டிக்கெட் கட்டுகள். ஒவ்வொரு விலைக்கும் இரண்டு கட்டு, ஒன்று பச்சை, ஒன்று ரோஸ்.

செடி வளரும்போது ஒரு செல் இரண்டாகிறது. அப்போது முழுப் பையும் அப்படியே நகல் எடுக்கப்படும். ஒட்டு மாமரத்தின் கிளை இப்படித்தான் வளர்கிறது. அதனால்தான் ருசி மாறவில்லை. ஆனால் மகரந்தத்துக்கும் சூலுக்கும், அதாவது அடுத்த உயிரை உண்டாக்குகிற இனச்செல்லுக்கும், முழுப் பை போகக் கூடாது. போனால் இரண்டு பை சேர்ந்து பிள்ளைக்கு இரண்டு பங்காகிவிடும். ஆகவே பாதியாகக் குறைக்க வேண்டும். குன்றல் என்றால் குறைதல். இனச்செல் ஓர் அரை டிக்கெட். இரண்டு அரை சேர்ந்தால்தான் ஒரு முழு ஆள்.

பாதி என்றால் கையில் கிடைத்ததை அள்ளுவது இல்லை. ஒவ்வொரு விலைக்கும் ஒரு கட்டு கட்டாயம் போக வேண்டும். பச்சையா ரோஸா என்பதுதான் சொல்ல முடியாது. ஐந்து ரூபாய்க்குப் பச்சை போகலாம், பத்து ரூபாய்க்கு ரோஸ் போகலாம். இப்படியே பத்து விலைக்கும் பார்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதமாக அரைப் பை கட்டலாம். அது மட்டுமா? பிரிவதற்கு முன்னால் ஜோடிக் கட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, தங்களுக்குள் சில தாள்களை மாற்றிக்கொள்கின்றன. பச்சைக் கட்டுக்குள் கொஞ்சம் ரோஸ், ரோஸ் கட்டுக்குள் கொஞ்சம் பச்சை. ஆகவே ஒரு மகரந்தத் தூள் மாதிரி இன்னொன்று இருப்பது அபூர்வம்.

கடையில் விற்கிற விதைக்கு மட்டும் ஏன் எல்லாம் ஒரே அச்சு? அதன் தாய்ச் செடிகளையும் தகப்பன் செடிகளையும் பல தலைமுறை தனித்தனியே வளர்த்து, ஒன்றின் பையில் எல்லாமே பச்சை, மற்றதன் பையில் எல்லாமே ரோஸ் என்று ஆக்கி, பிறகு இரண்டையும் மகரந்தம் சேர்த்து விதை எடுப்பார்கள்; சோளத்தில் ஒட்டு என்பது இந்தக் கலப்புதான். பச்சைப் பையில் எந்தப் பாதியை எடுத்தாலும் பச்சைதானே? அதனால் பிள்ளைகள் எல்லாம் பச்சை பாதி, ரோஸ் பாதி. எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் அந்தப் பிள்ளைகள் விதை கட்டும்போது அவற்றின் பையில் இரண்டு நிறமும் இருக்கிறதே! அங்கேதான் ஒட்டு பிரிகிறது. யாரும் பிரிக்கவில்லை. அதுவே பிரிகிறது. உங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்குச் சுருட்டை முடியும் ஒருவனுக்குக் கோரை முடியும் வந்ததும் இப்படித்தான்.

சரி, கண்டக்டருக்கு வருவோம். அந்த வாரமே கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகிற பேருந்தில் ஏறினோம். இறங்கி நடந்து, கேட்டுக் கேட்டு அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்தோம். செல்லாயி முற்றத்தில் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"வெதைய யாரும் மாத்தல செல்லாயி. அதுவே பிரிஞ்சிருக்குது. நாந்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார் கண்டக்டர்.

"இத சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க? இங்க யாரும் என்ன திருடின்னு சொல்லல. எங்க சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க."

அவர் வந்து சொன்னார். டீக்கடையில், எல்லோரும் இருக்கிற நேரம் பார்த்து எழுந்து நின்று சொன்னார். அந்தோணி மெதுவாகக் கேட்டார்.

"மலைக்குப் போய் வந்தியாமே கண்டக்டரே, அவங்க இன்னா குடுத்தாங்க, சாப்புட்டியா?"

"ஒண்ணும் சாப்புடல. ஏன்?"

"இல்ல, போவறப்ப ஒரு பேச்சு, வர்றப்ப ஒரு பேச்சா இருக்குதே. இன்னாவோ மருந்து வெச்சி அனுப்பிட்டாங்களோன்னு பாத்தேன்."

கடையே சிரித்தது. கண்டக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பார்த்துப் பழகிய அதே பார்வையால்தான் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லாயியின் பேரை அவர் ஒரே பேச்சில் பறித்துவிட்டார். திருப்பிக் கொடுக்க எத்தனை பேச்சும் போதவில்லை.

வீட்டுக்குப் போனவர் திரும்பி வந்தார். கையில் ஒரு கூடை. பெட்டியில் பூட்டியிருந்த மீதிக் கதிர்கள். ஆளுக்கு ஒன்றாக நீட்டினார்.

"என்ன நம்பாதீங்க. இந்தா, மணி கதிர்லயே இருக்குது, பாத்துக்கோ. ஒங்க வூட்டுல நீயே பூட்டி வை. நீயே உதிரு, நீயே ஊனு. ஒரு கதிர் மணி ஒரே அச்சா வந்துச்சின்னா என் நெலத்துல வந்து என் மூஞ்சில துப்பு."

வேடிக்கைக்காக வாங்கியவர்கள்தான் அதிகம். ஆனாலும் வாங்கினார்கள். மழை பிடித்ததும் வீட்டுப் பக்கத்தில், கொல்லையில், தண்ணீர்க் குழாயடியில் என்று ஊன்றினார்கள். பயிர் எழும்ப எழும்ப ஊரில் சத்தம் குறைந்தது. அந்தோணி வீட்டு வேலியோரம் ஒரே கதிரின் பிள்ளைகள், கூரையைத் தொடுகிற ஒன்றும் அவர் பேரனைவிடக் குட்டையான ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவர் தினமும் காலையில் வந்து அதைப் பார்த்துக்கொண்டே பல் துலக்குவார். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் வெள்ளிமலைக்கு ஆள் அனுப்பிவிட்டார், தன் நிலத்துக்குக் காவலுக்கு வரச்சொல்லி.

செல்லாயி வந்த அன்று நான் தெருவில் இருந்தேன். அண்ணாமலை முன்னால் பாத்திர மூட்டையோடு போய்விட்டார். அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்துவந்தாள். ஒவ்வொரு வீட்டோரத்திலும் நெட்டையும் குட்டையும். அவள் எதையும் நின்று பார்க்கவில்லை. ஆனால் எதையும் பார்க்காமலும் விடவில்லை.

கண்டக்டர் தன் வீட்டு வாசலிலிருந்து இறங்கித் தெருவில் நின்றிருந்தார்.

"வா செல்லாயி. மோட்டார் கொட்டாயி காலியாத்தான் கெடக்குது."

"அந்தோணி அண்ணன் நெலத்துக்கு வந்துருக்கோம்."

"ஏன், என் நெலத்துக்கு இன்னா? ஒம்மேல ஒண்ணும் இல்லன்னுதான் ஊரே வெதைச்சிப் பாத்துடுச்சே."

"எம்மேல பாத்தாங்க. ஒங்கள நம்பலாமான்னு யாரும் இன்னும் வெதைச்சிப் பாக்கலியே."

தெருவை மறித்து நின்றிருந்த கண்டக்டர் ஓரமாக நகர்ந்து வழிவிட்டார். செல்லாயி பிள்ளையின் தலைமுடியை ஒருமுறை ஒதுக்கிவிட்டு, பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமாக அதை அழைத்துக்கொண்டு போனாள்.